ராத்திரி நாலு தடவை விழிப்பு வருகிறதா? வரிசை மாறாமல் சரி செய்யும் முறை

படுத்ததும் தூக்கம் வந்துவிடுகிறது, ஆனால் 1 மணிக்கு ஒரு தடவை, 2.30-க்கு ஒரு தடவை, அப்புறம் 4 மணிக்கு விழித்தால் விடியும் வரை புரண்டுகொண்டே கிடக்கிறீர்கள். அப்படி என்றால் இது உங்களுக்காகத்தான். எனக்கு மூன்று வருடம் இப்படியே போனது. வீடு பல்லடம் பக்கம், நாலு பக்கமும் தறி ஓடும் ஊர். எனக்குச் சரியான பிறகு அக்கா, மச்சான், பக்கத்துத் தோட்டத்துப் பெரியப்பா என்று ஏழெட்டுப் பேரோடு கூட உட்கார்ந்து இதைச் செய்ய வைத்திருக்கிறேன்.

அத்தனை பேரும் தடுக்கியது ஒரே இடத்தில். ராத்திரி தூக்கம் போதவில்லை என்று மறுநாள் சீக்கிரமே படுக்கப் போனார்கள். விழிப்பை வளர்ப்பதே அந்தப் பழக்கம்தான், ஏன் என்று 6-வது படியில் சொல்கிறேன். ஆனால் நேராக 6-க்குப் போய்விடாதீர்கள். முதல் ஐந்தைத் தாண்டிப் போனவர்களுக்கு அது பலன் தரவில்லை, ஒருவருக்கு ஆபத்தாகவே முடியப் பார்த்தது.

நான் டாக்டர் இல்லை. இதில் உள்ள முறை டாக்டர்களும் மனநல நிபுணர்களும் சொல்லித் தருவதுதான். அதை நம் வீட்டில், நம் வேலைக்கு நடுவில் எப்படிச் செய்வது என்பதைத்தான் எழுதுகிறேன்.

தொடங்கும் முன் வேண்டியவை

ஒரு நோட்டு, ஒரு பேனா, ஒரு சாதாரண அலாரம் கடிகாரம். செல்போன் அலாரம் வேண்டாம், ராத்திரி அதைத் தொட்டால் கை வேறெங்கோ போகும். படுக்கும் அறைக்கு வெளியே ஒரு நாற்காலியும் மங்கலான ஒரு விளக்கும் வேண்டும்.

எட்டு வாரம் ஒதுக்குங்கள். ஊர் நோம்பி (திருவிழா), வீட்டில் கல்யாணம், அறுவடை இதெல்லாம் இல்லாத காலமாகப் பாருங்கள். நோம்பிக்குச் சாட்டு (அறிவிப்பு) போட்டு ஒலிபெருக்கி கட்டிய பதினைந்து நாளில் தொடங்கிய மச்சான் மூன்றாம் நாளே விட்டுவிட்டார்.

வீட்டில் இருப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நடு ராத்திரியில் நீங்கள் எழுந்து திண்ணையில் உட்கார்ந்தால் "என்னாச்சுங்க, நெஞ்சு வலிக்குதுங்களா?" என்று வீடே எழுந்துவிடும். அக்கா வீட்டில் அப்படித்தான் ஆனது.

1. எது சாதாரண விழிப்பு என்று பிரித்துப் பாருங்கள்

தூக்கம் ஒரே நீளமாக ஓடுவதில்லை. சுமார் 90 நிமிடத்துக்கு ஒரு சுற்றாக, ராத்திரிக்கு நாலைந்து சுற்று வரும். ஒவ்வொரு சுற்று முடிகிற இடத்திலும் தூக்கம் மேலாக வருவதால், ஒரு கணம் விழித்துத் திரும்பிப் படுப்பது எல்லோருக்கும் நடக்கிறது. காலையில் நினைவிருக்காது, அவ்வளவுதான்.

ஆழ்ந்த தூக்கத்தின் பெரும் பகுதி முதல் மூன்று நான்கு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதற்குப் பிறகு தூக்கம் லேசாக இருக்கும், கனவு கூடுதலாக வரும். பத்து மணிக்குப் படுத்தவருக்கு 2 மணிக்கு மேல்தான் தொல்லை அதிகமாவது இதனால்தான். வயதானால் ஆழ்ந்த தூக்கம் இன்னும் குறையும்.

ஆக, விழிப்பே வரக் கூடாது என்று நினைத்து இறங்காதீர்கள். விழித்தவுடன் திரும்பத் தூங்க முடிகிறதா, பகலில் உடம்பு ஓடுகிறதா, இந்த இரண்டைப் பாருங்கள். வாரத்தில் மூன்று ராத்திரியாவது, மூன்று மாதமாக, திரும்பத் தூங்க முடியாமல் பகலும் கெடுகிறது என்றால் அதை நாள்பட்ட தூக்கமின்மை என்கிறார்கள்.

2. இரண்டு வாரம் எழுதுங்கள், எதையும் மாற்றாமல்

காலையில் எழுந்ததும் ஐந்தே விஷயம்: எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், தூங்க எவ்வளவு நேரமானது, எத்தனை தடவை விழிப்பு, மொத்தம் எவ்வளவு நேரம் விழித்திருந்தீர்கள், கடைசியாக எப்போது படுக்கையை விட்டு எழுந்தீர்கள். எல்லாம் தோராயம் போதும். பக்கத்திலேயே முந்தின நாள் குடித்த டீ காப்பி, சாப்பிட்ட நேரம், பகல் தூக்கம், மாத்திரை.

விழித்தபோது என்ன இருந்தது என்று ஒரு வார்த்தையும் சேருங்கள். ஒன்றுக்கு, வியர்வை, நெஞ்செரிச்சல், கால் குடைச்சல், நாய், கனவு, ஒன்றுமில்லை. அடுத்த படியில் உங்களுக்கு வழி காட்டப் போவது இந்த ஒரு வார்த்தைதான்.

பலரும் செய்கிற தப்பு: ராத்திரியிலேயே மணி பார்த்து எழுதுவது. மணி பார்த்த உடனே மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிடும், இன்னும் மூன்று மணி நேரம்தான் இருக்கிறது என்று. அந்தக் கணக்கே உங்களை முழுசாக எழுப்பிவிடும். கடிகாரத்தைச் சுவர் பக்கம் திருப்பி வையுங்கள்.

3. உடம்பு எழுப்புகிறதா என்று முதலில் பாருங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டுகிறார்கள். உடம்பில் ஒரு காரணம் இருக்கும்போது தூக்கப் பழக்கத்தை எவ்வளவு திருத்தினாலும் பாதிதான் சரியாகும்.

ஒன்றுக்கு எழுவது. இரண்டு தடவைக்கு மேல் என்றால் சர்க்கரை பாருங்கள். ரத்தத்தில் சர்க்கரை சுமார் 180-ஐத் தாண்டினால் அது சிறுநீரில் இறங்கி, கூடவே தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்களுக்கு ப்ராஸ்டேட் வீக்கமாக இருக்கலாம். பிரஷருக்கு நீர் இறக்கும் மாத்திரை சாயங்காலம் போடுகிறவர்கள், அதைக் காலைக்கு மாற்ற முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பகலெல்லாம் நின்று வேலை பார்த்துப் பொழுதோடு கால் வீங்குகிறதா? அந்த நீர் படுத்த பிறகு மேலே ஏறி ராத்திரி சிறுநீராக வருகிறது. சாயங்காலம் ஒரு மணி நேரம் காலைத் தலையணை மேல் உயர்த்தி வைத்தால் படுக்கும் முன்னாலேயே அது இறங்கிவிடும். பெரியப்பாவுக்கு இந்த ஒன்றில் மட்டும் நாலு தடவை இரண்டானது. ஆனால் கால் வீக்கத்துக்கு இதயம், சிறுநீரகம் காரணமாக இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட வேண்டும்.

குறட்டை. சத்தமாகக் குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறி எழுவது, காலையில் வாய் வறட்சி, தலைவலி, உட்கார்ந்தால் கண் சொக்குவது. இவை இருந்தால் தொண்டை மூடி மூச்சு அடைபடும் நோயாக இருக்கலாம். மூச்சு அடைபட்டதும் மூளை உங்களைத் தட்டி எழுப்புகிறது, உங்களுக்கோ காரணமே இல்லாமல் விழித்த மாதிரி இருக்கும். அந்தத் திணறலில் இதய அறைகள் இழுபடுவதால் சிறுநீரும் கூடுதலாகச் சுரக்கும், அதனால் பல பேர் "எனக்கு ஒன்றுக்குத்தான் விழிப்பு" என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்தில் படுப்பவரைக் கேளுங்கள், அவருக்குத்தான் தெரியும். கோவையின் பெரிய ஆஸ்பத்திரிகளில் தூக்கப் பரிசோதனை செய்கிறார்கள். நுரையீரல் டாக்டரையோ காது மூக்கு தொண்டை டாக்டரையோ பாருங்கள். என் மச்சானுக்கு இதுதான் இருந்தது. அது தெரியாமல் அவரை நேரடியாக 6-வது படிக்குக் கொண்டுபோனது நான் செய்த தப்பு. இருந்த தூக்கத்தையும் குறைத்துக்கொண்டு, பைக்கில் போகும்போது கண் அயர்ந்து, தாராபுரம் ரோட்டில் மண்ணில் இறங்கி நின்றார். அன்றோடு நிறுத்தினோம். பரிசோதனை செய்து, முகமூடி வழியாகக் காற்றைச் செலுத்தித் தொண்டை மூடாமல் வைக்கும் சிபேப் கருவியோடு படுக்க ஆரம்பித்த பிறகு பாதி விழிப்பு தானாகவே போய்விட்டது, மீதிக்குத்தான் இந்த முறை தேவைப்பட்டது.

நெஞ்செரிச்சல். கம்பெனி விட்டு ஒன்பதரைக்கு வந்து வயிறு நிறையச் சாப்பிட்டு பத்தரைக்குப் படுத்தால் அமிலம் மேலே வரத்தான் செய்யும். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே மூன்று மணி நேரம் விடுங்கள், இடது பக்கம் சாய்ந்து படுங்கள், கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் அரை அடிக்குக் கட்டை வையுங்கள். தலையணையை அடுக்குவது பலனில்லை. வயிறு மடங்கி இன்னும் மோசமாகும்.

கால் குடைச்சல். படுத்தால் காலை ஆட்டிக்கொண்டே இருக்கத் தோன்றுகிறது, எழுந்து நடந்தால் அடங்குகிறது என்றால் இரும்புச் சத்துக் குறைவாக இருக்கலாம். ஹீமோகுளோபின் மட்டும் பார்த்து நிறுத்தாமல் ஃபெரிட்டின் பரிசோதனையும் கேளுங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் இரும்புச் சேமிப்பு குறைந்திருக்கலாம், ஃபெரிட்டின்தான் அதைக் காட்டும். அக்காவுக்கு அப்படித்தான் இருந்தது.

வியர்வை. மாதவிலக்கு நிற்கிற வயதில் இருப்பவர்களுக்கு உடம்பில் திடீரென்று சூடு ஏறி விழிப்பு வரும். பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை, மகப்பேறு டாக்டரிடம் சொல்லுங்கள், மருந்து உண்டு. தைராய்டு கூடினாலும் இதே தொல்லை. இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர் 2, 3 மணிக்கு வியர்த்து நடுங்கி விழித்தால் சர்க்கரை இறங்கியிருக்கலாம். அப்போதே குளுக்கோமீட்டரில் பாருங்கள், 70-க்குக் கீழே இருந்தால் உடனே சர்க்கரையோ குளுக்கோஸோ எடுத்துக்கொண்டு, மறுநாளே டாக்டரிடம் மருந்தின் அளவைப் பேசுங்கள்.

இன்னொன்று, இதை லேசாக விடாதீர்கள். தினமும் விடியலுக்கு வெகு முன்னால் விழித்து, மனசு பாரமாகி, எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் (டெலி மானஸ்) எந்த நேரமும் தமிழில் பேசலாம், காசு இல்லை.

4. படுக்கும் இடம்

தறிச் சத்தத்தைவிட அது சட்டென்று நிற்பதுதான் எழுப்பும், எங்கள் ஊரில் கரண்ட் போனால் எல்லோரும் விழிப்பார்கள். தூங்கும்போதும் காது வேலை செய்கிறது, ஒரே சீரான சத்தம் அதற்குப் பழகிவிடும், மாறுகிற சத்தம் பழகாது. அதனால் ஃபேனை ஒரே வேகத்தில் ஓட விடுங்கள், நாய், பைக் சத்தம் அதில் அமுங்கும். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது ஜன்னல் கொண்டி, தகரம், தென்னை ஓலை எது அடித்துக்கொள்கிறது என்று பகலிலேயே பார்த்துக் கட்டி வையுங்கள்.

காங்கிரீட் வீட்டில் மேல் மாடி வேண்டாம். பகல் வெயிலை வாங்கிய தளம் ராத்திரி முழுக்க அந்தச் சூட்டை இறக்கிக்கொண்டே இருக்கும், உடம்பு குளிராமல் தூக்கம் ஆழமாகாது. கீழ் அறைக்கு மாறுங்கள், முடியாவிட்டால் பொழுது சாய மொட்டை மாடியில் தண்ணீர் ஊற்றுங்கள். கொசு வலை கட்டாயம்.

தோட்டத்தில் த்ரீ பேஸ் கரண்ட் ராத்திரி முறையில் வருகிறது, மோட்டார் போட எழ வேண்டும் என்பவர்களுக்குச் படுத்த இடத்திலிருந்தே போனில் மோட்டார் போடும் செல்போன் ஸ்டார்ட்டர் செலவுக்குத் தகுந்த சாமான். ஒரு நாள் எழுவதில் உடம்பு கெட்டுப் போகாது. ஆனால் எழ வேண்டுமே என்று காத்துக்கொண்டு தூங்குகிற தூக்கம் என்றைக்கும் மேலோட்டம்தான். கரண்ட் இல்லாத நாளிலும் அதே நேரத்துக்கு விழிப்பு வந்துவிடும்.

5. பகலில் மாற்ற வேண்டியவை

மதியம் 2 மணிக்கு மேல் டீ காப்பி வேண்டாம். டீ காப்பியில் உள்ள கஃபீன் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும், 6 மணிக்கு பேக்கரியில் குடித்த டீயின் பாதி 11 மணிக்கும் ரத்தத்தில் இருக்கிறது. படுத்ததும் தூங்கிவிடுகிறேனே என்பார்கள். தூங்கலாம், ஆனால் ஆழம் குறைந்து விழிப்பு கூடும். வரக்காப்பிக்கும் இதே கதைதான்.

ஒரு கட்டிங் போட்டால் நல்ல தூக்கம் என்பதும் முதல் பாதிக்குத்தான் சரி. சாராயம் உடம்பை விட்டு இறங்க இறங்க இரண்டாம் பாதி முழுக்கச் சிதறும், குறட்டையும் கூடும்.

காலையில் எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் அரை மணி வெளி வெளிச்சத்தில் இருங்கள். உடம்பின் கடிகாரம் வெளிச்சத்தை வைத்துத்தான் ராத்திரியைக் குறிக்கிறது. தோட்டத்து ஆட்களுக்குச் சொல்லவே வேண்டாம், விடிந்தும் விளக்கொளியில் தைத்துக்கொண்டிருக்கும் பனியன் கம்பெனி ஆட்களுக்குத்தான் சொல்கிறேன். பகல் தூக்கம் 20 நிமிடம், 3 மணிக்கு முன். அடுத்த படி தொடங்கினால் அதுவும் கிடையாது.

கடன், சீட்டுப் பணம், பெண்ணுக்கு மாப்பிள்ளை என்று 3 மணிக்கு மனசில் ஓடுவதை சாயங்காலம் 7 மணிக்கே நோட்டில் எழுதிவிடுங்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே நாளைக்கு என்ன செய்வேன் என்று ஒரு வரி. எழுதி வைத்ததை மூளை திரும்பத் திரும்ப நினைவுபடுத்த வேண்டியதில்லை.

6. படுக்கை நேரத்தைச் சுருக்குங்கள்

இதுதான் மையம், மெதுவாகப் படியுங்கள்.

ஒரு தோசைக்கான மாவை ரெண்டு தோசை அளவுக்கு இழுத்தால் நடுவில் ஓட்டை விழும். தூக்கமும் அப்படித்தான். 6 மணி நேரத் தூக்கத்தை 9 மணி நேரப் படுக்கையில் பரப்பினால் 3 மணி நேரம் ஓட்டைகளாக வரும். விழித்திருக்கும் நேரம் கூடக் கூடத்தான் தூக்கத்தின் பசி சேர்கிறது. சீக்கிரம் படுத்தால் அந்தப் பசி போதுமான அளவு சேராமலே தூக்கம் தொடங்கிவிடும், நடு ராத்திரியில் தீர்ந்துவிடும்.

செய்ய வேண்டியது: நோட்டில் உள்ள 14 நாளுக்கும் உண்மையாகத் தூங்கிய நேரத்தின் சராசரியை எடுங்கள். படுக்கை நேரமும் அவ்வளவுதான் இருக்க வேண்டும், ஆனால் ஐந்தரை மணி நேரத்துக்குக் கீழே போகக் கூடாது. முதலில் எழும் நேரத்தை மாறாமல் ஒன்றாக வையுங்கள், ஞாயிற்றுக்கிழமையும் அதே நேரம். அங்கிருந்து பின்னோக்கி எண்ணினால் படுக்கும் நேரம் வரும்.

என் கணக்கைச் சொல்கிறேன். 9 மணிக்குப் படுத்து 6 மணிக்கு எழுந்தேன், தூங்கியது 6 மணி நேரம். பால் கறக்க வேண்டியிருந்ததால் எழுவதை 5.30 என்று வைத்தேன், படுப்பது 11.30. அதற்கு முன் கண் சொக்கினாலும் படுக்கையில் சாய்வதில்லை.

வாரக் கடைசியில், தூங்கிய நேரத்தைப் படுக்கையில் இருந்த நேரத்தால் வகுத்து நூறால் பெருக்குங்கள். 85-க்கு மேல் என்றால் 15 நிமிடம் முன்னால் படுக்கலாம். 80 முதல் 85 என்றால் அப்படியே இன்னொரு வாரம். 80-க்குக் கீழே என்றால் 15 நிமிடம் குறையுங்கள். 6 மணி நேரப் படுக்கையில் 5 மணி 6 நிமிடம் தூங்கினால் 85 வந்துவிடும், அவ்வளவு கடினமில்லை. எனக்கு 11.30 ஏழு வாரத்தில் 10.30 ஆனது, விழிப்பு ஒன்றாகக் குறைந்தது, அதுவும் திரும்பிப் படுத்தால் போய்விடும்.

முதல் பத்து நாள் கஷ்டம், அதை மறைக்கப் போவதில்லை. சாயங்காலம் 8 மணிக்கே கண் எரியும், எரிச்சல் வரும். பலரும் நாலாம் நாள் "ஒரே ஒரு ராத்திரி மட்டும்" என்று 9 மணிக்குப் படுத்துவிடுகிறார்கள். சேர்த்த பசியெல்லாம் அன்றைக்கே செலவாகி, மறுநாள் முதல் நாளாகிவிடும். 8 முதல் 11 வரை உட்கார்ந்து டிவி பார்க்காதீர்கள், நின்று செய்கிற வேலையை வைத்துக்கொள்ளுங்கள். துணி மடிப்பது, காய் அரிந்து வைப்பது, வாசலில் நடப்பது.

வலிப்பு, இருமுனை மனநோய், சிகிச்சை எடுக்காத மூச்சடைப்பு, தூக்கத்தில் நடக்கும் பழக்கம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இந்தப் படியைத் தானாகச் செய்யக் கூடாது. சங்ககிரி, நாமக்கல் பக்கம் லாரி ஓட்டுபவர்கள், ஸ்பின்னிங் மில், கட்டிங் மெஷினில் கை வைத்து வேலை செய்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். இவர்கள் எழும் நேரத்தை மட்டும் மாறாமல் வைத்து, படுக்கையில் இருப்பதை 7 மணி நேரத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டாலே ஓரளவு பலன் தெரியும்.

7. நடுவில் விழித்தால்

மணி பார்க்காதீர்கள். கால் மணி நேரம் ஆனதாகத் தோன்றினாலோ எரிச்சல் வர ஆரம்பித்தாலோ எழுந்து வெளியே வைத்த நாற்காலிக்குப் போங்கள். படுக்கையிலேயே புரண்டால் படுக்கை என்றாலே விழித்துக் கிடக்கும் இடம் என்று மூளை பழகிவிடும். மங்கலான வெளிச்சத்தில் சலிப்பான ஏதாவது செய்யுங்கள், பூ கட்டலாம், பழைய வார இதழ் படிக்கலாம். களைப்பு போதாது, கண் சொக்க வேண்டும், அப்போதுதான் திரும்பப் படுக்க வேண்டும். ஒரே ராத்திரியில் மூன்று தடவை எழ வேண்டி வந்தாலும் எழுங்கள்.

செய்யக் கூடாதது: செல்போன், டீ, பீடி சிகரெட், பாத்திரம் கழுவுவது. விழித்தது விழித்தாயிற்று என்று வேலை பார்த்தால் அந்த நேரம் உடம்புக்கு வேலை நேரமாகிவிடும்.

விழுந்துவிடும் பயம் உள்ள பெரியவர்கள் இருட்டில் நடக்க வேண்டாம். கட்டிலிலேயே முதுகுக்குத் தலையணை வைத்து எழுந்து உட்கார்ந்தால் போதும்.

8. மாத்திரை போடுகிறவர்கள்

ஏற்கனவே தூக்க மாத்திரை எடுத்தால் இதைப் படித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். அல்பிரஸோலம் மாதிரி மருந்துகளைச் சட்டென்று நிறுத்தினால் தூக்கம் முன்னைவிட மோசமாகும், வலிப்புகூட வரலாம். எழுதிக் கொடுத்த டாக்டர் வழியாக மெதுவாகக் குறையுங்கள். சளி மாத்திரையைத் தூக்கத்துக்காகப் போடுவதும் வேண்டாம், பெரியவர்களுக்குத் தள்ளாட்டமும் சிறுநீர் அடைப்பும் வரலாம். நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னால் இந்தப் பழக்க முறைச் சிகிச்சையைத்தான் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர்கள் அமைப்பு 2016-லேயே பரிந்துரைத்தது, டாக்டரிடம் தைரியமாகக் கேளுங்கள்.

9. நைட் ஷிப்ட் இருந்தால்

வாரம் மாறி வாரம் ஷிப்ட் மாறுகிறவர்களுக்கு 6-வது படி ஒத்துவராது. பகலில் தூங்கும் அறையை இருட்டாக்குங்கள், ஜன்னலுக்குக் கனமான போர்வை போதும். வீடு திரும்பும் வழியில் கறுப்புக் கண்ணாடி போடுங்கள், பைக் ஓட்டும்போதே கண் சொக்கினால் கண்ணாடியும் வேண்டாம், பைக்கும் வேண்டாம், பஸ்ஸில் வாருங்கள். காலையில் ஒரு நீளத் தூக்கம், ஷிப்டுக்கு முன் ஒரு மணி நேரம் என்று இரண்டாகப் பிரிப்பவர்கள் நன்றாகச் சமாளிக்கிறார்கள்.

10. சரியாகி, மறுபடி வந்தால்

வரும். காய்ச்சல், துக்கம், ஒறம்பரை (சொந்தக்காரர்) வீட்டில் நாலு நாள் தங்கல், ஏதாவது ஒன்று போதும். அன்றைக்குச் சீக்கிரம் படுத்து ஈடு கட்டாதீர்கள், எழும் நேரத்தையும் மாற்றாதீர்கள். மூன்று நாளில் அடங்காவிட்டால் நோட்டை எடுத்து ஒரு வாரம் எழுதி, படுக்கை நேரத்தில் அரை மணி குறையுங்கள். இரண்டாம் தடவை பெரும்பாலும் பத்துப் பதினைந்து நாளில் பிடிக்கு வந்துவிடுகிறது. எட்டு வாரம் ஒழுங்காகச் செய்தும் ஒன்றுமே மாறவில்லை என்றால் நோட்டையும் கையில் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள், அதில் இருக்கும் விவரம் வாயால் சொல்வதைவிட அவருக்கு உதவும்.